பதிவு செய்த வயலின் ஒலியும் சமனாக்கியும்

திரைப்படம் ஒன்றின் உருக்கமான கட்டத்தில் நாற்பது ஐம்பது வயலின்கள் ஒருங்கே இழைவது போன்ற இசை எழுகிறது. கேட்போர் ஒரு பெரிய மண்டபத்தையும், அதில் வரிசை வரிசையாக அமர்ந்து வில் போடும் கலைஞர்களையும் மனத்தில் கற்பித்துக் கொள்கின்றனர். உண்மையிலோ, பல சமயங்களில் அங்கே இருப்பது ஒரு சிறிய அறை, ஒரு கணிப்பொறி, ஆர்மோனியத்தில் உள்ளவை போன்ற கட்டைகள் பொருத்திய ஒரு பலகை, அதன் முன் அமர்ந்துள்ள ஒருவர், அவ்வளவே. வயலின் வாசித்தவர்கள் வேறொரு நாட்டில், பல ஆண்டுகளுக்கு முன், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டனர். கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவே மீண்டும் ஒலிக்கிறது.

இவ்வாறு சேமித்து வைக்கப்பட்ட ஒலிக்கு மாதிரி ஒலி என்று பெயர். மாதிரி ஒலிகளைக் கொண்டு இசையமைப்போர் அனைவரும் கையாளும் சாதனம் சமனாக்கி, அதாவது ஈக்வலைஸர். ஒலியின் தாழ்ந்த பகுதியையோ நடுப்பகுதியையோ உச்சப் பகுதியையோ வேண்டிய அளவு கூட்டவும் குறைக்கவும் அது உதவுகிறது. பழைய வானொலிப் பெட்டிகளில் 'பாஸ்', 'ட்ரெபிள்' என்று குறிக்கப்பட்டிருந்த இரு திருகுகள் இதன் எளிய வடிவமே. முதலில் இச்சாதனம் இசைக்காக ஏற்பட்டதன்று. நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் செல்லும்போது பேச்சின் உச்சப் பகுதி தாழ்ந்த பகுதியைக் காட்டிலும் அதிகமாகத் தேய்ந்துவிடும். தேய்ந்ததை மறுமுனையில் ஈடு செய்து, எல்லாப் பகுதிகளையும் முன்போல் சமமாக்குவதற்கே பொறியாளர்கள் இதனை அமைத்தனர். பெயரும் அவ்வாறே வந்தது. இன்று கணிப்பொறியின் திரையிலேயே இதனை வரைகோடாகக் கண்டு, எந்த இடத்தில், எத்துணை அகலத்தில், எவ்வளவு கூட்டுவது என்பதைத் தனித்தனியே அமைக்கலாம். இவ்வகைச் சமனாக்கியை 1972ஆம் ஆண்டில் ஜார்ஜ் மாசன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஓர் ஆய்வுரையில் விளக்கினார்.

இத்திருகுகளைச் சரியாகத் திருகத் தெரிந்தால் மாதிரி வயலின் மெய் வயலினாகவே ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை அறிய, வயலினின் உள்ளே நடப்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வில்லும் கம்பியும் மரமும்

வில்லால் இழுக்கப்படும் கம்பி, கண்ணுக்குத் தோன்றுவது போல இருபுறமும் வளைந்து ஊசலாடுவதில்லை. கம்பியில் ஒரு கூரிய முடக்கு தோன்றி, அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கம்பி சிறிது நேரம் வில்லின் மயிரோடு ஒட்டிச் சென்று, பிறகு சட்டென வழுக்கித் திரும்புகிறது. இதனை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தார். கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த சர் சி. வி. இராமன், 1918இல் வெளியிட்ட நீண்ட ஆராய்ச்சி நூலில் இந்த அசைவின் பல்வேறு வகைகளையும் கணித முறைப்படி வகுத்துக் காட்டினார். பின்னர் இயந்திரத்தால் வயலினை வாசிக்கச் செய்து, வில்லின் வேகத்துக்கும் இடத்துக்கும் தக்கவாறு எவ்வளவு அழுத்தம் தேவை என்பதையும் அளந்தார். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்ற அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் ஒலியில் மூழ்கியிருந்தார் என்பதைப் பள்ளி மாணவர்கள் பலர் அறியார்.

வினாடிக்கு 440 அதிர்வுகள், அதாவது 440 ஹெர்ட்ஸ் உள்ள சுரத்தை வில்லால் எழுப்பும்போது, அதன் இரு மடங்கான 880, மும்மடங்கான 1,320, நான்கு மடங்கான 1,760 என மேற்சுரங்களும் உடன் பிறக்கின்றன. கம்பி தன்னைத் தாங்கும் குதிரையின் மீது செலுத்தும் விசையில், இரண்டாவது சுரம் முதலாவதில் ஏறக்குறையப் பாதியும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கும், நான்காவது நான்கில் ஒரு பங்கும் இருக்கும். ஆனால் கம்பி மட்டும் காற்றை அசைத்து எழுப்பும் ஒலி மிகவும் மெல்லியது. மரப்பெட்டியே அதனை வெளியே பரப்புகிறது. அவ்வாறு பரப்பும்போது எல்லாச் சுரங்களையும் அது ஒன்றுபோல் நடத்துவதில்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்று சுமார் 275 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்கிறது. மேற்பலகையும் அடிப்பலகையும் 400 முதல் 550 வரையுள்ள பகுதியில் வலுவாக அதிர்கின்றன. குதிரையும் அதனைச் சூழ்ந்த மரமும் 2,000 முதல் 3,000 வரையுள்ள பகுதியைக் குன்று போல் உயர்த்துகின்றன.

ஒத்ததிர்வை வகுப்பறையிலேயே காட்டலாம். வெறுங்குடத்தின் வாயருகே ஒரு மாணவன் தாழ்ந்த சுரத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே இசைத்துக்கொண்டு போகட்டும். ஏதோ ஓரிடத்தில் குடமும் சேர்ந்து முழங்கும். அவன் மேலே போய்விட்டால் முழக்கம் நின்றுவிடும். திரும்பி வந்தால் அதே சுரத்தில் மீண்டும் எழும். பாடும் சுரம் மாறினாலும் குடத்தின் சுரம் மாறுவதில்லை. வயலினின் உடலும் இத்தகையதே. கலைஞர் எந்தச் சுரத்தை வாசித்தாலும் மரத்தின் மேடுபள்ளங்கள் அதே இடங்களில் நிலைத்து நிற்கின்றன. இந்த நிலைபேற்றைக் கொண்டே ஒரு வயலினைக் காது அடையாளம் காண்கிறது எனலாம்.

ஆக, வயலினின் உடலே ஒரு சமனாக்கி. அதற்கு அப்பால் மண்டபம் இரண்டாவது சமனாக்கி. சுவர்கள் சில பகுதிகளைத் திருப்பி அனுப்பி நீட்டிக்கின்றன, திரைச்சீலைகளும் காற்றும் உச்சப் பகுதியை விழுங்குகின்றன. ஒலிவாங்கி மூன்றாவது, அருகில் வைத்தால் வில்லின் உராய்வையும், தொலைவில் வைத்தால் மண்டபத்தின் குழைவையும் அது மிகுதியாகப் பிடிக்கிறது. கணிப்பொறியின் திரையில் உள்ள சமனாக்கியை வந்தடையும் முன்பே ஒலி மூன்று முறை சமன் செய்யப்பட்டுவிட்டது என்பதை நினைவில் கொண்டால் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

நிலைத்த குறையும் நகரும் குறையும்

1963இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் செய்யப்பட்ட மெல்லோட்ரான் என்ற கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஒலிநாடா இருந்தது. அழுத்தினால் நாடா ஓடும்; சுமார் 8 வினாடியில் தீர்ந்துபோகும். கையாளக் கடினமான கருவிதான். ஆனால் ஒவ்வொரு சுரமும் அதே சுரத்தில் வாசித்துப் பதிவானது என்ற நன்மை அதில் இருந்தது. 1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வெளிவந்த ஃபேர்லைட் போன்ற தொடக்ககாலக் கணிப்பொறிக் கருவிகளில் நினைவகம் மிகவும் சிறியது. ஆகவே ஒரு சுரத்தின் பதிவை வேகமாக ஓட்டி மேல் சுரங்களையும், மெதுவாக ஓட்டிக் கீழ்ச் சுரங்களையும் உண்டாக்கும் முறை வழக்கமாயிற்று.

இதில்தான் ஒரு நுட்பமான கேடு ஒளிந்துள்ளது. பதிவை மூன்று அரைச்சுரங்கள் உயர்த்தினால் அதில் அடங்கிய எல்லாமே 1.19 மடங்கு உயர்கின்றன. 275இல் இருந்த காற்றின் ஒத்ததிர்வு 327க்குப் போய்விடுகிறது. பலகைகளின் ஒத்ததிர்வும், குதிரையின் குன்றும் அவ்வாறே இடம் பெயர்கின்றன. வினாடிக்கு 6 முறை இருந்த விரல் அசைவு 7 முறைக்கு மேலாகிவிடுகிறது. கேட்போருக்கு வயலின் சிறுத்துப் பொம்மை வயலினாகிவிட்டது போல் தோன்றும். காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று காது சொல்லும். மூன்று அரைச்சுரம் தாழ்த்தினால் 275 என்பது 231 ஆகி, வயலின் வியோலாவாகப் பார்க்கும்.

இக்குறையைச் சமனாக்கியால் தீர்க்க முடியுமா? ஒரு கட்டையை மட்டும் அழுத்துவதாயின் ஓரளவு முடியும். ஆனால் அடுத்த கட்டையில் மேடு வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. சமனாக்கியின் திருகோ வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஒரு சுரத்துக்குச் செய்த திருத்தம் மற்றொரு சுரத்துக்குக் கேடாக முடியும். ஆகவே மாதிரி ஒலியில் உள்ள குறைகளை இருவகையாகப் பிரித்துக்கொள்வது பயனுள்ளது. எந்தச் சுரத்தை வாசித்தாலும் ஒரே இடத்தில் நிற்கும் குறைகள் ஒரு வகை: மண்டபத்தின் முழக்கம், ஒலிவாங்கியின் கூர்மை, தரையின் உறுமல். சுரத்தோடு கூடவே நகரும் குறைகள் மற்றொரு வகை. முதல் வகைக்குச் சமனாக்கி நல்ல மருந்து. இரண்டாம் வகைக்கு மருந்து பதிவிலேயே உள்ளது. அதாவது மிகப் பல சுரங்களைத் தனித்தனியே பதிவு செய்வதுதான். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வியன்னா ஸிம்ஃபோனிக் லைப்ரரி போன்ற பெருந்தொகுப்புகள் இந்த வழியில்தான் சென்றன.

தன்னிடம் உள்ள தொகுப்பு எவ்வகையது என்பதை எவரும் எளிதில் சோதிக்கலாம். கட்டைகளை ஒவ்வொன்றாக மெல்ல ஏறிக்கொண்டே போகவேண்டும். குறிப்பிட்ட ஒரே பகுதியில் எல்லாச் சுரங்களும் முழங்கினால் குறை நிலைத்தது. குறை ஒவ்வொரு கட்டையோடும் ஏறி, பிறகு திடீரென மறைந்து மறுபடி தொடங்கினால், அங்கே ஒரு பதிவு முடிந்து அடுத்த பதிவு தொடங்குகிறது என்று பொருள்.

எங்கே குறைப்பது

மாதிரி ஒலிக்கே உரிய ஒரு சங்கடம், சேர்தல். மெய்யான இசைக்குழு வாசிக்கும்போது மண்டபத்தின் இரைச்சல் ஒரு முறைதான் பதிவாகிறது. மாதிரி ஒலியிலோ ஒவ்வொரு சுரத்தின் பதிவும் தன்னுடைய மண்டபத்தைத் தானே சுமந்து வருகிறது. நான்கு கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் நான்கு மண்டபங்களின் இரைச்சல் சேர்ந்து 6 டெசிபெல் உயர்கிறது. வயலின் முதல் டபிள் பாஸ் வரை ஐந்து பிரிவுகளில் மும்மூன்று சுரங்கள் ஒலித்தால் அது 12 டெசிபெல்லை நெருங்கும். அது மட்டுமன்று, 14 பேர் சேர்ந்து வாசித்த பதிவில் மூன்று கட்டைகளை அழுத்தினால் 42 பேர் வாசிப்பது போலாகிறது. கனம் வேண்டும் என்று இரு கைகளாலும் கட்டைகளை நிரப்புவோர், பிறகு ஒலி சேறுபட்டுவிட்டது என்று சமனாக்கியைத் தேடுகின்றனர். இரண்டு விரல்களை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் போதும்.

அதன் பிறகும் எஞ்சுவதற்குச் சமனாக்கி பயன்படும். வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் 196 ஹெர்ட்ஸ். அப்பதிவில் சுமார் 150க்குக் கீழே கேட்பவற்றில் பெரும்பகுதி தரையின் அதிர்வு, நாற்காலியின் ஓசை, காற்றோட்டக் கருவியின் உறுமல் ஆகியவையே. அதனை வடிகட்டியால் மெல்லச் சரியவிட்டால் வயலினுக்கு நட்டமில்லை. டபிள் பாஸுக்கு இடம் கிடைக்கிறது. வியோலாவின் எல்லை 131, செல்லோவுக்கு 65, டபிள் பாஸுக்கு 41. இந்த எண்களுக்குச் சற்றுக் கீழே வடிகட்டத் தொடங்கலாம். ஆனால் பெரிய மண்டபத்தில் பதிவான தொகுப்புகளில் இதைக் கடுமையாகச் செய்தால், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய படம் போல் வயலின்கள் தனியே நிற்கும்.

அடுத்தது 200 முதல் 500 வரையுள்ள பகுதி. ஐந்து பிரிவுகளின் சுரங்களும் மேற்சுரங்களும் மண்டபத்தின் முழக்கமும் இங்கேதான் சந்திக்கின்றன. எந்தப் பிரிவு இங்கே அவசியமில்லையோ அதில் 2 அல்லது 3 டெசிபெல் குறைத்தாலே மூடுபனி விலகியது போல் இருக்கும். எல்லாப் பிரிவிலும் குறைத்தால் இசையின் சூடும் போய்விடும். வயலின்களின் உடலும் இதே பகுதியில்தான் உள்ளது என்பதை மறத்தலாகாது.

பெரும்பாலோர் முறையிடுவது கூர்மையைப் பற்றி. குதிரையின் குன்று 2,000 முதல் 3,000 வரை என்று முன்பே கூறப்பட்டது. இதனோடு கேட்பவரின் செவியும் சேர்ந்துகொள்கிறது. செவித்துளை ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழல். அத்தகைய குழல் சுமார் 3,400 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். எனவே அந்தப் பகுதியைக் காது இயல்பாகவே மிகுத்துக் கேட்கிறது. அருகில் வைத்த ஒலிவாங்கியால் பதிவான பல வயலின்கள் இங்கே குத்தலாக ஒலிப்பதில் வியப்பில்லை. அகலமான, ஆழமற்ற பள்ளமாக 2 அல்லது 3 டெசிபெல் குறைப்பதே முறை. 8,000க்கு மேலுள்ள பகுதியையும் சற்றுத் தணித்தால் வயலின்கள் சில மீட்டர் பின்னே சென்று அமர்ந்தது போல் தோன்றும். தொலைவிலுள்ள ஒலியின் உச்சப் பகுதியைக் காற்று தேய்ப்பது காதுக்குப் பழகிய அனுபவம்.

ஒரு பழக்கத்தை மட்டும் கைவிடுவது நல்லது. குறையைத் தேடுவதற்காகக் குறுகிய ஒரு மேட்டை மிக உயர்த்தி, அதை இங்குமங்கும் நகர்த்தி, அருவருப்பாக ஒலிக்கும் இடங்களையெல்லாம் வெட்டுகின்றனர். குறுகிய மேட்டை 12 டெசிபெல் உயர்த்தினால் உலகின் மிகச் சிறந்த வயலினும் எந்த இடத்திலும் அருவருப்பாகவே ஒலிக்கும். இல்லாத நோய்க்கு அறுவை செய்வதற்கு ஒப்பானது இது.

எதைச் செய்ய இயலாது

மெல்ல வாசிப்பதற்கும் உரக்க வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. வில்லின் அழுத்தம் கூடும்போது கம்பியில் ஓடும் முடக்கு மேலும் கூர்மையாகி, மேற்சுரங்கள் வலுப்பெறுகின்றன. மெல்ல வாசித்த பதிவை எடுத்து, உச்சப் பகுதியைச் சமனாக்கியால் உயர்த்தி, உரத்த வாசிப்பாக்க முயல்வோர் உண்டு. அங்கே உயர்த்துவதற்கு மேற்சுரங்கள் போதிய அளவு இல்லை. உயர்வது வில்லின் உராய்வும் இரைச்சலுமே. சமனாக்கி உள்ளதைக் கூட்டும்; இல்லாததைப் படைக்காது. நல்ல தொகுப்புகளில் மெல்லியது, நடுத்தரம், உரத்தது என்று ஒரே சுரத்தைப் பல நிலைகளில் வாசித்திருப்பது இதனால்தான்.

ஒலிவாங்கிகளைக் கலப்பதிலும் இத்தகைய ஓர் எல்லை உண்டு. 1954ஆம் ஆண்டளவில் லண்டன் டெக்கா நிறுவனத்தின் பொறியாளர்கள், நடத்துநரின் தலைக்கு மேலே மூன்று ஒலிவாங்கிகளை முக்கோணமாக நிறுத்தும் முறையைக் கண்டனர். இன்றைய தொகுப்புகள் பலவற்றில் அந்த அமைப்பின் பதிவு ஒன்றும், அருகில் வைத்தவற்றின் பதிவு ஒன்றும் தனித்தனியே கிடைக்கின்றன. இரண்டையும் சமமாகக் கலந்தால் விபரீதம் நேரலாம். ஒரு கலைஞரிடமிருந்து இரு ஒலிவாங்கிகளுக்கும் உள்ள தூரத்தில் 3.4 மீட்டர் வேறுபாடு இருந்தால், ஒலி ஒன்றில் 10 மில்லிவினாடி பிந்தி வருகிறது. அப்போது 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக, சீப்பின் பற்களைப் போலப் பள்ளங்கள் விழும். ஒலி வெறிச்சென்று ஆகும். இத்தனை பள்ளங்களையும் சமனாக்கியால் நிரப்பப் புகுவது வீண். ஏதேனும் ஒரு பதிவின் அளவைக் கணிசமாகக் குறைத்தால் பள்ளங்கள் தாமே ஆழம் குறைந்துவிடும்.

ஒரே பதிவு அடுத்தடுத்து ஒலிப்பதால் ஏற்படும் இயந்திரத்தன்மையும் இவ்வகைப்பட்டதே. மெய்யான கலைஞர் ஒரே சுரத்தை எட்டு முறை வாசித்தால் எட்டும் வேறு வேறாக இருக்கும். சமனாக்கிக்கு இதில் வேலையே இல்லை.

பேச்சின் பின்னே இசை

இசையமைப்பாளர்களுக்கு மட்டுமே உரிய செய்தியன்று இது. சமுதாய வானொலி நிலையங்களிலும் பள்ளிகளிலும் ஒலிப்பாடம் தயாரிப்போர், பேச்சின் பின்னே மாதிரி வயலின் இசையைத் தவழவிடுவது இப்போது வழக்கமாக உள்ளது. நெல் வயலில் களையெடுப்பது பற்றிய பாடம் ஒன்றை எண்ணிக்கொள்வோர்க்கு ஆபத்து விளங்கும். பேச்சின் உரப்பு பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உயிரெழுத்துகளில் உள்ளது. ஆனால் 'களை', 'கலை' என்ற சொற்களையும், 'பத்து', 'பட்டு' என்ற சொற்களையும் பிரித்துக் காட்டும் நுண்கூறுகள் பெரும்பகுதி அதற்கு மேலே, குறிப்பாக 2,000 முதல் 4,000 வரையுள்ள பகுதியில் உள்ளன. வயலின் கூட்டத்தின் குன்றும் அங்கேதான். பேச்சு உரக்கக் கேட்கும். ஆயினும் மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக விழா. கேட்டவர் திரும்பக் கேட்க வழியில்லாத ஒலிபரப்பில் இது சிறு குற்றமன்று.

இங்கே வயலின்களை ஒட்டுமொத்தமாகக் குறைப்பதைக் காட்டிலும், அந்தப் பகுதியில் மட்டும் 4 அல்லது 5 டெசிபெல் தணித்து, மற்றவற்றைச் சிறிதே குறைப்பது நல்ல பலன் தருகிறது. அவ்வாறு தணித்த வயலின்களைத் தனியே கேட்டால் மங்கலாகவும் உயிரற்றும் தோன்றும். உடனே பழையபடி உயர்த்த மனம் அவாவும். அதைத் தனியே கேட்பவர் தயாரிப்பாளர் ஒருவரே. ஊரார் பேச்சோடு சேர்த்தே கேட்பர். ஆதலால் திருகைத் தொடும்போதெல்லாம் பேச்சு ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. எதைக் கூட்டினாலும் ஒலி சற்று உரக்கிறது. உரத்த ஒலி சிறந்த ஒலியாகக் காதுக்குப் படுகிறது. திருத்தியதையும் திருத்தாததையும் ஒப்பிடும் முன் இரண்டின் உரப்பையும் சமப்படுத்திக்கொள்ளாவிட்டால், செய்த ஒவ்வொரு மாற்றமும் முன்னேற்றமாகவே தோன்றிக்கொண்டிருக்கும்.

முடிவாகக் கேட்கப்படும் கருவியிலும் ஒரு முறை சோதிக்கவேண்டும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியும், திருவிழாக்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை மிகக் குறைவாகவே வெளியிடுகின்றன. செல்லோவின் 65 ஹெர்ட்ஸ் சுரம் அங்கே நேராகக் கேட்காது. ஆயினும் மேற்சுரங்களான 325, 390, 455 ஆகியவற்றின் இடைவெளியைக் கொண்டு, இல்லாத அடிச்சுரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது. செல்லோவில் 300 முதல் 500 வரையுள்ள பகுதியைச் சேறு என்று எண்ணி முழுவதும் வெட்டியிருந்தால், கூம்பு ஒலிபெருக்கியில் செல்லோவே காணாமற் போய்விடும்.